நாற்காலிக்கு அரைத்த மிளகாய்

பேர் தெரியுமா தெரியாதா, அதை முதலில் சொல்லுங்கண்ணா. அப்புறம் மிளகாய் நிறுக்கிறேன்.

தெரியாதா? சரி. பையைக் கீழே வைத்துவிட்டு இந்த ஸ்டூலில் உட்காருங்க. இன்றைக்கு வெள்ளிக்கிழமை, வரிசை பஸ் ஸ்டாப் வரைக்கும் நிற்கிறது. செருப்பைக் கழற்றி வரிசையில் விட்டுவிட்டு வந்துவிடுங்க, உங்களுக்குப் பதில் அது நிற்கும். இங்கே எல்லாரும் அப்படித்தான். பயப்படாதீங்க, மிளகாய் அரைக்கிற கோயிலில் எவன் செருப்பைத் தூக்குவான்.

வழக்கம் தெரிந்துதானே வந்தீங்க? தெரியாவிட்டால் கேட்டுக்கோங்க. பொருளைத் திருட்டுக் கொடுத்தவர்கள் இந்தச் சின்னக்கல்பாளையம் மாகாளியம்மன் கோயிலுக்கு வந்து, அம்மியில் வரமிளகாய் அரைத்து, அம்மனுக்கு எதிரே இருக்கிற கல்லில் பூச வேண்டும். எடுத்தவன் பேரைச் சொல்லிப் பூச வேண்டும். கல் எரியும், அம்மனுக்கு எரியும், அவள் எடுத்தவனை எரிய வைப்பாள். போன பொருள் திரும்பி வந்ததும் மறுபடி வந்து எண்ணெயும் இளநீரும் ஊற்றிக் கல்லைக் குளிர வைக்க வேண்டும். இவ்வளவுதான் இங்கே சட்டம். வக்கீல் கிடையாது, வாய்தா கிடையாது. ஆனால் தப்பே செய்யாதவனுக்கு அரைத்துவிட்டால் எரிச்சல் அரைத்தவருக்கே திரும்பும். அதனால்தான் பேர் கேட்டேன். பேர் தெரியாமல் அரைத்துப் போன மாசியில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இருங்கண்ணா, ஒரு நிமிஷம். ஏனுங்கக்கா, காரம் கம்மியா வேணுமா? அது சாம்பாருக்குங்க. இங்க அரைக்கறதுக்கு இந்த நீட்டு மொளகாதான். ஆமாங்க, ஒரே விலைதான்.

என் பேர் மௌனிகா. சிரிச்சுக்கோங்க, எல்லாரும் சிரிக்கத்தான் செய்கிறார்கள். இது அம்மாவின் கடை. பதினொன்றாம் வகுப்போடு நின்றுவிட்டேன். கெமிஸ்ட்ரி வாத்தியார் நோட்ஸைப் பார்த்துப் படித்துக்கொண்டே போவார். ஒருநாள் எழுந்து, "சார், உங்களுக்குப் புரியுதுங்களா?" என்று கேட்டேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அவருக்குப் புரிந்திருந்தால் எனக்கும் வரும் என்று ஒரு நம்பிக்கை. அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா என்றார். அப்பா லாரியில் கேரளாவில், அம்மா கடையில். யாரைக் கூட்டிக்கொண்டு போவது? போகவில்லை. எனக்கொன்றும் வருத்தமில்லை.

பிரின்சி அக்கா வந்தது அதற்கடுத்த ஆனியில். தூத்துக்குடிக்காரி. யுனிவர்சிட்டியில் குற்றவியல் பிஎச்.டி. பொருளைத் திருட்டுக் கொடுத்தவர்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகாமல் ஏன் இங்கே வருகிறார்கள், அதுதான் அவள் ஆராய்ச்சி. அதைக் கேட்டு எழுத அரசாங்கம் மாதாமாதம் உதவித்தொகை தருகிறது என்றாள். எங்கம்மா அரை நாள் சிரித்தாள். "இதுக்குக் காசா? கால் கிலோ மொளகா வாங்கியிருந்தா நானே சொல்லியிருப்பனே."

அக்காவுக்குக் கேட்கத் தெரியவில்லை, அண்ணா. உள்ளதைச் சொல்கிறேன். போனை ரெக்கார்டில் போட்டுக்கொண்டு, "வணக்கம் அம்மா, தங்கள் பொருள் இழப்பு தொடர்பாகச் சில கேள்விகள்" என்று ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி ஆரம்பிப்பாள். ஜனங்கள் அரைத்த மிளகாயை அப்படியே விட்டுவிட்டு ஓடுவார்கள். ஒரு வாரம் பார்த்தேன். பொறுக்கவில்லை. அம்மியை விட்டு எழுந்து வந்த ஒரு அம்மாவை மறித்து, "ஏனுங்க, என்ன போச்சு? ஆரு மேல சந்தேகம், மருமகளா?" என்றேன். அந்த அம்மா இதோ, நீங்கள் உட்கார்ந்திருக்கிற இதே ஸ்டூலில் உட்கார்ந்து மத்தியானம் வரைக்கும் பேசியது. ஆடு போனதில் ஆரம்பித்து, மருமகள் வீட்டுச் சீர் வரைக்கும் எல்லாம் வந்தது. அக்கா வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள்.

அன்றையிலிருந்து நான் கேட்பேன், அக்கா ரெக்கார்ட் பண்ணுவாள். ஸ்டேஷனுக்கு ஏன் போகவில்லை என்றால் எல்லாரும் ஒரே பாட்டுத்தான். அலைய விடுவார்கள். நம்மையே குடைவார்கள். எடுத்தவன் முகத்தில்தானே நாளைக்கும் விழிக்க வேண்டும். புகார் கொடுத்தவள் என்று பேராகிவிடும். இதையே ஊர் ஊராக வந்து சொன்னார்கள். எனக்கு அலுத்துவிட்டது. அக்கா மட்டும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்கிற மாதிரி தலையாட்டுவாள். படித்தவர்களுக்கு அந்தப் பொறுமை இருக்கிறது.

தீபாவளி கழிந்ததும் அக்கா மெஸ்ஸுக்குப் போவதை விட்டுவிட்டாள். மத்தியானம் ஒரு பன், ஒரு டீ. கேட்டால், "தவக்காலம் பிள்ள, ஒறுத்தல்" என்றாள். நான் படித்தது சிஸ்டர்கள் நடத்துகிற பள்ளிக்கூடம். தவக்காலம் மாசியில்தான் வரும் என்று எனக்குத் தெரியாதா? கார்த்திகையில் என்ன தவக்காலம்? "பொய் சொல்லாதீங்கக்கா, உங்களுக்குப் பொய் சொல்லவும் வரல" என்றேன். அப்புறம்தான் சொன்னாள். உதவித்தொகை நின்று மாதக்கணக்கில் ஆகிறது. போகும்போதெல்லாம் செக்‌ஷன் ஆபீசர் நாளைக்கு வா என்கிறார்.

அன்றைக்கே அம்மா இன்னொரு டிபன் பாக்ஸ் எடுத்து அக்காவுக்கும் சேர்த்துக் கட்ட ஆரம்பித்தாள். நான் அவளை ஸ்டூலில் உட்கார வைத்து, அவள் கேள்வியையே அவளிடம் கேட்டேன்.

"என்ன போச்சு?"

"ஏய், சும்மா இரு பிள்ள."

"சொல்லுங்க. என்ன போச்சு?"

"உதவித்தொகை."

"ஆரு எடுத்தது?"

"யாரும் எடுக்கல. செக்‌ஷன் ஆபீசர் சார் ஃபைல நகத்தாம வச்சிருக்காரு."

"புகார் குடுத்தீங்களா?"

"யார்ட்ட குடுக்க? மேல குடுத்தா அவரு கோவப்பட்டு இன்னும் இழுப்பாரு. எங்க கைடுக்குக் கெட்ட பேரு. நாளைக்கும் அவரு மூஞ்சிலதான முழிக்கணும்?"

நான் சிரித்துவிட்டேன். "அக்கா, ஆடு தொலைச்ச அந்த அம்மா சொன்னதும் இதேதாங்க. உங்களையும் சேத்தி எழுதிக்கோங்க."

அக்கா சிரிக்கவில்லை. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், திருப்பூரில் அவள் மாமா ஒரு பனியன் கம்பெனியில் வேலை சொல்லி வைத்திருப்பதாகவும், மாசிக்குள் பணம் வராவிட்டால் படிப்பை விட்டுவிட்டு அங்கே சேரப் போவதாகவும் சொன்னாள். பிஎச்.டி.யைப் பாதியில் விட்டால் விட்டதுதான், திரும்பச் சேர்க்க மாட்டார்களாம்.

போனால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். எனக்கு என்ன வந்தது? அவள் வருவதற்கு முன்னாலும் நான் இங்கே மிளகாய்தான் விற்றேன். ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா. கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் வைத்துக்கொள்வது திருட்டு. திருட்டுக்கு வழி இங்கே இருக்கிறது. அக்கா சர்ச்சுக்குப் போகிறவள், அவள் அரைக்க மாட்டாள். அதனால், மாசி பிறந்தும் பணம் வராததைப் பார்த்து, முதல் வெள்ளிக்கிழமை அவள் வருவதற்கு முன்னால் நானே ஒரு கை நல்ல மிளகாயாக எடுத்துக்கொண்டு போய் அம்மியில் உட்கார்ந்தேன்.

பூசாரி கேட்டார். "ஆரு பேருக்கு அம்மிணி?"

அப்போதுதான் உறைத்தது. பேர் தெரியாது. அக்கா எப்போதும் செக்‌ஷன் ஆபீசர் சார் என்றுதான் சொல்வாள். திட்டும்போதுகூட சார் போட்டுத்தான் திட்டுவாள்.

"யுனிவர்சிட்டியில உதவித்தொகை செக்‌ஷன் ஆபீசருங்க" என்றேன்.

"அது பேரில்ல, பதவி."

"பதவிக்கு அரைக்கக் கூடாதுங்களா?"

பூசாரி தலையைச் சொறிந்தார். அவருடைய அப்பா காலத்திலிருந்து யாரும் பதவிக்கு அரைத்ததில்லையாம். "அரைக்கலாம். அப்புறம் அந்த நாற்காலியில எவன் உக்காருறானோ அவனுக்கு எரியும்" என்றார். அதுதானே வேண்டும் என்று பூசிவிட்டு வந்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அக்கா டிபன் பாக்ஸைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். துலக்கிப் பளபளவென்று வைத்திருந்தாள். கை வேலையாக இருக்கிறது என்று அதை வாங்காமல் விட்டேன். "திங்கக்கிழமை வேலைல சேருறேன் பிள்ள" என்றாள்.

"அவசரப்படாதீங்கக்கா. நான் அரைச்சுட்டேன்."

"என்னத்த?"

சொன்னேன். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "பாவி. அந்தப் பழைய ஆளு பரீட்சை செக்‌ஷனுக்கு மாறிப் போயாச்சு. நேத்துதான் புது ஆளு வந்திருக்காரு. ஞானசேகரன்னு. நல்ல மனுஷன், என்னைய உக்காரச் சொல்லித் தண்ணி குடுத்தாரு. இப்பத்தான் வந்திருக்கேன், ரெண்டு மாசம் டைம் குடுங்க, எல்லாத்தையும் பாக்கேன்னு சொன்னாரு."

"ரெண்டு மாசமா?"

"அத விடு. ஆராய்ச்சி பண்ணுறவளுக்காக நீ மொளகா அரைச்சிருக்க. எங்க கைடுக்குத் தெரிஞ்சா என் மொகத்துலயே முழிக்க மாட்டாரு." கோபமாகப் போய்விட்டாள்.

எனக்கு அவள் கோபம் பெரிதாகத் தெரியவில்லை. வேறு ஒன்று தெரிந்தது. தப்புச் செய்தவன் எழுந்து போய்விட்டான். நேற்று வந்து உட்கார்ந்த மனுஷனுக்கு எரியப் போகிறது. அவருக்கு எரிந்தால் திரும்ப எனக்கு. ஏற்கெனவே இரண்டு கையும் எரிந்துகொண்டுதான் இருந்தது. "வெறுங்கையில மொளகா அரைச்சா எரியாம குளுகுளுன்னா இருக்கும்?" என்றாள் அம்மா. இது வேறு எரிச்சல், அவளுக்குப் புரியாது.

மறுநாள் காலையில் பஸ் ஏறினேன். அக்காவிடம் சொல்லவில்லை. கேட்டில் செக்யூரிட்டி, "யாரைப் பாக்கணும்? அப்பாயின்ட்மென்ட் இருக்குதா?" என்றார். "செக்‌ஷன் ஆபீசருக்கு எரியறதுக்குள்ள பாக்கணும்ங்க" என்றேன். அவருக்கு எங்கள் ஊர்ப்பக்கம்தானாம். வேறொன்றும் கேட்காமல் மூன்றாவது மாடி என்று கை காட்டினார்.

மாடி வராந்தாவில் அக்காவைப் போலவே பையும் முகமுமாக நாலைந்து பேர் சுவரில் சாய்ந்து நின்றார்கள். நின்று நின்று அந்தச் சுவரில் எண்ணெய்க் கறையே பிடித்திருந்தது. உள்ளே ஞானசேகரன் சார் மேஜையில் ரோஸ் கலர் வயிற்றெரிச்சல் மருந்து பாட்டிலை வைத்துக்கொண்டு மூடியில் ஊற்றிக்கொண்டிருந்தார். பார்த்ததும் எனக்குப் பதறிவிட்டது.

"சார், தப்பா நினைக்காதீங்க. முதல்ல அந்த நாற்காலிய விட்டு எந்திரிங்க."

"ஏனுங்க அம்மிணி?"

"அதுக்கு மொளகா அரைச்சிருக்குங்க."

"எதுக்கு?"

"நாற்காலிக்குங்க."

டைப் அடித்துக்கொண்டிருந்த அம்மா நிறுத்தினார். "எந்தக் கோயில்ல கண்ணு?"

"சின்னக்கல்பாளையம் மாகாளியம்மன்."

அந்த அம்மா எழுந்து நின்றார். அவர் எழுந்ததைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். சார் கடைசியாக எழுந்தார், ஆனால் எழுந்த வேகத்தில் மருந்து மூடி உருண்டு போனது.

"நான் வந்து மூணு நாளுதானம்மா ஆச்சு. நான் என்ன பண்ணேன்?"

"நீங்க ஒண்ணுமே பண்ணலைங்க சார். அதாங்க பிரச்சினை."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. நல்ல மனுஷன். பியூனைக் கூப்பிட்டு வேறு நாற்காலி எடுத்து வரச் சொன்னார். பியூன் விவரமான ஆள். "சார், பதவிக்குத்தான அரைச்சிருக்குது. நீங்க எந்த நாற்காலில உக்காந்தாலும் அது செக்‌ஷன் ஆபீசர் நாற்காலிதானுங்களே" என்றார்.  சார் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"சரி, இதைத் தணிக்க என்ன பண்ணணும்?"

"போன பொருள் திரும்பி வரணுங்க. பிரின்சி அக்காவோட உதவித்தொகை."

ஃபைல் பீரோவின் அடித்தட்டில் இருந்தது. பழைய ஆள் ஏன் நிறுத்தி வைத்திருந்தார் தெரியுமா? அக்கா டிபார்ட்மென்டுக்கு வந்து ஹாஜர் கையெழுத்துப் போடவில்லையாம். திருட்டுக் கொடுத்தவர்களை விசாரிக்கச் சொல்லிக் கோயிலுக்கு அனுப்புவார்கள், அப்புறம் ஏன் ஆபீசில் இல்லை என்று கேட்பார்கள். "அவங்க எங்க கடையிலதான் இருந்தாங்க, நான் பாத்தேன்" என்றேன். அப்படிச் சொன்னால் செல்லாது, கைடு எழுதித் தர வேண்டும் என்றார் சார். "கைடு எங்கங்க இருக்கறாரு?" கீழ்மாடியில் என்றார்கள். "கீழ்மாடிதானுங்களே, கூப்பிடுங்க." யாரும் நகரவில்லை. நானே போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் வந்து, நாற்காலி காலியாக இருப்பதையும் எல்லாரும் நிற்பதையும் பார்த்து, யாரோ தவறிவிட்டார்கள் என்று நினைத்து முகத்தை வைத்துக்கொண்டார். அப்புறம் விஷயம் தெரிந்து, கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டார். அடுத்து என்ன என்றேன். அக்கவுன்ட்ஸ் என்றார்கள். எங்கே என்றேன். பக்கத்து ரூம். எனக்குக் காத்திருக்கவே பிடிக்காது, அண்ணா. சீக்கிரம் முடிந்தால் சீக்கிரம் ஊர் போகலாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தேன். சார் ஜன்னல் திண்டில் ஃபைலை வைத்து நின்றபடியே கையெழுத்துப் போட்டார். வராந்தாவில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "இவங்களுதும் அப்படியே கெடக்குதுங்களா?" என்று கேட்டேன். டைப் அடிக்கிற அம்மா, "எடுத்துப் போட்டுருங்க சார், எதுக்கு வம்பு" என்றார். அவர்கள் ஃபைல்களும் ஜன்னலுக்குப் போயின.

நான் ஒன்றும் செய்யவில்லை. ஓரமாகத்தான் நின்றேன். இங்கே கல்லில் பூசிய மிளகாய் அங்கே மூன்றாவது மாடியில் வேலை செய்கிறது. அவள் சக்தியை நினைத்து எனக்குப் புல்லரித்துவிட்டது.

அடுத்த வாரம் அக்காவுக்குப் பணம் வந்தது. நின்ற மாதங்களுக்கும் சேர்த்து வந்தது. திருப்பூருக்குப் போகவில்லை. நேராக இங்கே வந்து, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மெஸ்ஸில் இரண்டு முழுச் சாப்பாடு சொன்னாள். சாப்பிட்டுக்கொண்டே திட்டினாள். "டிபார்ட்மென்ட் முழுக்க என்னைய மொளகாக்காரின்னு கூப்புடுதாங்க பிள்ள. உன்னால."

"ரசம் ஊத்திக்கோங்க" என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை கல்லைக் குளிர வைக்க ஞானசேகரன் சாரும் ஆபீஸ்காரர்களும் வேன் வைத்து வந்தார்கள். பின்னாலேயே ஒரு குட்டியானை வண்டி, அதில் நாற்காலி. கயிறு போட்டுக் கட்டி, சுவாமியைக் கொண்டுவருகிற மாதிரி கொண்டுவந்தார்கள். அரசாங்கப் பொருளை வெளியே எடுக்க முடியாதாம், கேட் பாஸ் போட்டிருக்கிறார்கள். அந்தக் கேட் பாஸ் மட்டும் ஒரே நாளில் கையெழுத்தாகிவிட்டது. பூசாரி கல்லுக்கு எண்ணெய் ஊற்றி, நாற்காலிக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்தார். சார் உட்கார்ந்து பார்த்தார். மெதுவாகத்தான் உட்கார்ந்தார். என் கை எரிச்சலும் அன்றைக்கே போய்விட்டது. அதற்குள் ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது என்று அம்மா சொல்வாள். அவளை விடுங்க.

அக்காவின் கைடு இதையும் ஆராய்ச்சியில் எழுதச் சொல்லிவிட்டார். எழுதியதை அக்கா படித்துக் காட்டினாள். என்னைப் பற்றி, "பள்ளி இடைநின்ற பெண்" என்று போட்டிருந்தாள். எனக்கு வந்தது கோபம். யார் இடையில் நின்றது? "எனக்குப் புடிக்கல, நானே வந்துட்டேன்னு எழுதுங்க" என்றேன். அப்படியெல்லாம் எழுத முடியாது என்றாள். அப்போ என் பேச்சை எடுத்துவிடுங்க என்றேன். கடைசியில், "தாமாகவே பள்ளியை விட்டவர்" என்று மாற்றினாள். ப்ளஸ் டூவைத் தனித்தேர்வாக எழுது என்று இப்போதும் போனில் பிடுங்குகிறாள். ஹாஸ்டலில் உட்கார்ந்து எழுதுவதால் இங்கே வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் கூப்பிடுவாள். எனக்கொன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம் குறைவு, அதனால் போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

ஆயிற்று, உங்கள் செருப்பு அம்மி பக்கம் வந்துவிட்டது. இப்போது சொல்லுங்க. என்ன போச்சு?

உதவித்தொகையா. நினைத்தேன். அந்தப் பையைப் பார்த்தபோதே நினைத்தேன். இந்த மாதத்தில் நீங்கள் மூன்றாவது ஆள். எந்தப் படிப்பு? தவளையா? தவளைக்கும் தருகிறார்களா. சரி சரி, கோபப்படாதீங்க. புகார் கொடுத்தீங்களா?

கைடுக்குக் கெட்ட பேர். நாளைக்கும் முகத்தில் விழிக்க வேண்டும். போதும், மீதி எனக்கே தெரியும்.

பேரும் தெரியாது, பதவிதான் தெரியும் என்றால் நாற்காலிக்குத்தான் அரைக்க வேண்டும். அரைப்பதற்கு முன்னால் ஆள் மாறவில்லையே என்று ஒரு போன் போட்டுக் கேட்டுக்கோங்க. நூறு கிராம் போதும்.

என்ன?

மிளகாய் வேண்டாமா? நான் கூட வர வேண்டுமா? நான் எதுக்குண்ணா? கதையை ஒழுங்காகக் கேட்டீங்களா இல்லையா? நான் போய்ச் சொன்னேன், அவ்வளவுதான். எல்லாம் செய்தது அவள். நான் வந்து நின்றால் உங்கள் ஆபீசில் எவன் எழுந்திருப்பான்? என்ன படிச்சிருக்கீங்களோ.

அட, முகத்தை அப்படி வைக்காதீங்க. இன்றைக்கு முடியாது. திங்கட்கிழமை வருகிறேன், பஸ் டிக்கெட் உங்களுடையது. எத்தனாவது மாடி?

ஆனால் மிளகாயை இப்போதே வாங்கி வைத்துக்கோங்க. இது இல்லாமல் வெறுமனே போய்ச் சொன்னால் யார் கேட்பார்கள்?